கண்ணுக்குள் ஒரு திட்டு: எதை வைத்துப் படம் எடுப்பது?

காங்கேயத்தில் சின்னதாகக் கண் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கொஞ்ச நாள் முன்பு இராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார். அன்று சாயங்காலம் விசைத்தறி ஓட்டும் ஒருவருக்குக் கண்ணாடி பவர் பார்த்திருக்கிறார். இடது கண்ணின் உள்ளே, விழித்திரைக்கு அடியில், சிலேட் நிறத்தில் ஒரு திட்டு.

"மச்சமா, வேற ஏதாச்சுமான்னு தெரியலீங்கண்ணா. கோயமுத்தூர் போங்கன்னா, ஒரு நாள் தறி நின்னுபோகும், கண்ணாடி மட்டும் எழுதிக் குடுங்கங்கறாருங்க. எங்கிட்ட ஒரு மெஷின் இருந்திருந்தா அங்கயே பாத்திருப்பேனுங்க."

கேட்க வந்தது அதற்கப்புறம்தான் வந்தது. பேங்க் லோன் கிடைக்கும் போலிருக்கிறது. கண்ணின் உட்புறத்தைப் போட்டோ எடுக்கும் பண்டஸ் கேமரா வாங்குவதா, விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி காட்டும் ஓசிடி வாங்குவதா?

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. கோபி, அந்தியூர், தாராபுரம், உடுமலை என்று நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் இருக்கும் நிறையப் பேருக்கு இதே கேள்வி இருப்பதால் முழுதாக எழுதிவிடுகிறேன். நான் கண் டாக்டர் இல்லை. பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதும் ஆப்டோமெட்ரிஸ்ட், கோபிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. சனிக்கிழமைகளில் ஒரு டாக்டர் வந்து பார்ப்பார்.

முதலில் கேள்வியைச் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு "இது புற்றா, இல்லையா" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நாம் எடுக்க வேண்டிய முடிவு வேறு: இன்றைக்கே அனுப்புவதா, இந்த மாதத்துக்குள் அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வதா. ஒரு மெஷின் இந்த முடிவுக்கு எவ்வளவு உதவும் என்பதை வைத்துத்தான் அதற்குக் காசு போடலாமா என்று யோசிக்க வேண்டும்.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலைக்கொட்டகையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். வலது கண்ணுக்குள் ஒரு கருந்திட்டு. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே பென்சிலால் கருப்படித்து, "தட்டையான மச்சம், 6 மாதம் கழித்துப் பார்க்க" என்று எழுதினேன். அவர் திரும்பி வந்தது இரண்டு வருடம் கழித்து. திட்டு பெரிதாகத் தெரிந்தது. நிஜமாகவே வளர்ந்ததா, முதல் தடவை நான்தான் சிறிதாக வரைந்துவிட்டேனா? என்னால் சொல்ல முடியவில்லை. கோயமுத்தூர் அனுப்பினேன். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பழைய போட்டோ இருக்குதுங்களா?" இல்லை. அதனால் அன்றைய தேதியையே முதல் நாளாக வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் அலைந்தார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று, துணைக்கு வந்த மகனுக்கும் போயிற்று. கடைசியில் அது அசையாத மச்சம்தான் என்று ஆனது. முதல் நாள் ஒரே ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி இருந்திருக்காது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்றும் எனக்கு உண்டு.

விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தநாளப் படலத்தில் வரும் கருந்திட்டுகளில் மச்சத்தையும் மெலனோமா என்ற நிறமிப் புற்றையும் பிரித்துக் காட்டும் பலமான அடையாளம் வளர்ச்சிதான். வளர்ந்ததா என்று தெரிய இரண்டு படம் வேண்டும். முதல் படத்தை எடுக்கக்கூடிய இடம் பெரும்பாலும் நம்முடைய இடம்தான்.

நம் பக்கம் வருவது எது

மேல்நாட்டுப் புத்தகங்களில் கண்புற்று என்றாலே மெலனோமாதான் முன்னால் நிற்கும். வெள்ளை இனத்தவரில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஐந்து, ஆறு பேருக்கு அது வருகிறது. கருவிழிக்காரர்களான நமக்கு அதைவிட மிகக் குறைவு. அவர்களுக்குச் சொன்ன, எந்த மெஷினை முதலில் வாங்குவது என்ற வரிசையை இங்கே அப்படியே நட்டால் வேர் பிடிக்காது. நம் நாற்காலியில் உட்காருபவர்களுக்கு வரக்கூடியவை வேறு: வெயிலில் பாடுபடுகிறவர்களுக்கு வெள்ளைவிழியின் மேல்பரப்பில் வரும் செதிள் புற்று, இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று, பிஞ்சுக் குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்று, மார்பகம், நுரையீரல் போன்ற இடங்களிலிருந்து கண்ணுக்குப் பரவியது, புற்றுப் போலவே தோற்றம் காட்டும் காசநோய்க் கட்டி.

இவற்றில் முதல் இரண்டுக்குப் புது மெஷின் எதுவும் வேண்டாம். கண்ணின் முன்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்பும், அதில் மாட்டும் போன் அடாப்டரும் போதும். அதனால் என் வரிசையில் முதல் இடம், எல்லாவற்றிலும் விலை குறைந்த இந்த அடாப்டருக்குத்தான். ஓசிடி பற்றிக் கேட்ட தம்பியிடம் இது இல்லை.

மஞ்சள் காட்டிலும் தென்னந்தோப்பிலும் காலமெல்லாம் நிற்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது சாதாரணம். அது பெரும்பாலும் மூக்குப் பக்கமிருந்து இறக்கை மாதிரி கருவிழி மேல் ஏறும். அதே ஓரத்தில் செதிள் புற்றும் உட்காரும். ஜெல்லி போலத் தடித்து, சில சமயம் மேலே வெள்ளைச் செதிள் படிந்து, உள்ளே சுருள் சுருளாக இரத்தக்குழாய், அதற்குத் தீனி போடுவது மாதிரி தடித்த குழாய் ஒன்றிரண்டு. "சதைதானுங்க, அப்பாருக்கும் இருந்துச்சு" என்று வருகிறவரிடம் இதைத் தேட வேண்டும். படம் எடுக்கும்போது முதலில் இரண்டு கண்ணும் தெரிகிற மாதிரி ஒன்று, அப்புறம் மேலே, கீழே, இடம், வலம் பார்க்கச் சொல்லி ஒவ்வொன்று, கடைசியாக ஸ்லிட் லாம்பின் ஒளிக்கீற்று உயரத்தால் திட்டை அளந்து மி.மீ. கணக்கில் ஒன்று. முன்பகுதிக்கான ஓசிடி இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் இன்னும் தெளியும்: செதிள் புற்றில் மேல்தோல் தடித்து, பளிச்சென்று வெளுத்து, நல்ல தோலிலிருந்து சட்டென்று மாறும், சதை வளர்ச்சியில் மேல்தோல் மெல்லியதாகவே இருக்க, தடிப்பு அதற்கு அடியில் இருக்கும். வயது குறைந்தவருக்கு இது வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவைப்படும்; அதை டாக்டர் பக்குவமாகப் பேசி எடுக்கச் சொல்வார்.

இமைக்கட்டிக்கும் அதே போன் போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி, அதிலும் வயதானவருக்கு, அந்த இடத்தில் இமைமயிர் உதிர்ந்திருந்தால் கட்டி என்று விட்டுவிடவே கூடாது. ஓர் அம்மாவுக்கு வேறொரு ஊரில் மூன்று தடவை கீறிவிட்டிருந்தார்கள். ஒரு தடவைகூடத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, ஒரு தடவைகூடப் படம் எடுக்கவில்லை. எங்களிடம் வந்தபோது எடுத்த படத்தையும், மகள் கல்யாண ஆல்பத்திலிருந்த பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் டாக்டர் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார்.

குழந்தைகளுக்கு மட்டும் தனிக் கணக்கு

ரெட்டினோபிளாஸ்டோமா பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 15,000 முதல் 18,000 பேருக்கு ஒருவருக்கு வரும். பிறப்பு எண்ணிக்கை பெரிது என்பதால் உலகிலேயே அதிகமான குழந்தைகள் இந்தியாவில்தான் இதனால் பாதிக்கப்படுகிறார்கள். சீக்கிரம் பிடித்தால் உயிர் பிழைக்கும், பல சமயம் கண்ணும் பிழைக்கும். தாமதித்தால் பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கம் போகும்.

இரண்டு வயதுப் பிள்ளை கேமராவில் தாடையை வைத்து உட்காராது. அங்கே நமக்கு உதவுவது ஆப்தல்மாஸ்கோப் என்ற கைவிளக்குத்தான். அறையை இருட்டாக்கி, கைநீட்டும் தூரத்திலிருந்து இரண்டு கண்ணையும் ஒன்றாகப் பார்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரி சிவப்பொளி திரும்ப வேண்டும். ஒன்றில் வெளுப்பாக, மஞ்சளாக, மங்கலாக வந்தால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். புதிதாக வந்த மாறுகண்ணும் அதே கணக்குத்தான்.

பெருந்துறைப் பக்கமிருந்து ஓர் அம்மிச்சி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போன்ல போட்டோப் புடிச்சா இவளுக்கு ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா வருதுங்க சாமி. வளர வளரச் சரியாயிருமுங்கறாங்க. எனக்கென்னமோ மனசு கேக்கலீங்க." ஃபிளாஷ் போட்டு எடுத்த படம், அதற்கு மேல் ஒரு மெஷினும் தேவைப்படவில்லை. நான் விளக்கை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம், சீட்டு எழுத ஐந்து நிமிடம். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒலி அலையால் கண்ணுக்குள் பார்க்கும் பி-ஸ்கேனில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது, எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பைப் பார்த்தார்கள். ஒரு கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளை நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அந்த அம்மிச்சியின் மனசு கேட்காமல் போனதால் பிழைத்த பிள்ளை அது.

ஆகவே குழந்தை விஷயத்தில் நம் இடத்தில் நல்ல படம் எடுக்க முயன்று நாள் கடத்துவதே தவறு. வீட்டு போட்டோவை வாங்கி இணைத்து அனுப்புங்கள், அது போதும்.

கேமராவா, ஓசிடியா, பி-ஸ்கேனா

இனி பெரியவர்களின் கண்ணுக்குள் தெரியும் திட்டுக்கு வருகிறேன். காங்கேயத்துத் தம்பியின் கேள்வி இதுதான்.

பண்டஸ் கேமரா ஒரு தடவைக்குச் சுமார் 45 பாகை காட்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரியவைத்து, நாலு பக்கமும் பார்க்கச் சொல்லி எடுத்து ஒட்டினால் இன்னும் விரிவாகக் கிடைக்கும். ஆனால் ஓரத்துத் திட்டு சிக்காமலே போகலாம். அதற்குக் கையில் பிடிக்கும் 20டி லென்ஸும் தலையில் மாட்டும் இன்டைரக்ட் விளக்கும்தான். கேமரா தடிப்பைச் சொல்லாது. முற்றிய கண்புரை இருந்தால் எதுவுமே தெரியாது. இவ்வளவு குறை இருந்தும் இதற்கு இரண்டாம் இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் அகலத்தை அளக்கவும் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கவும் இதைப்போல எளிதானது வேறில்லை. பார்வை நரம்பின் தட்டு ஏறக்குறைய 1.5 மி.மீ. அகலம். அதுவே படத்துக்குள் இருக்கும் ஸ்கேல். "திட்டு இரண்டு தட்டு அகலம், தட்டிலிருந்து மூன்று தட்டுத் தள்ளி" என்று எழுதினால் கோயமுத்தூரில் இருப்பவருக்கும் புரியும்.

இன்னொரு பயனும் உண்டு. மென்பொருளில் படத்தின் சிவப்பையும் பச்சையையும் தனித்தனியாகப் பாருங்கள். பச்சையில் மங்கி, சிவப்பில் பளிச்சென்று தெரிந்தால் திட்டு விழித்திரைக்கு அடியில் இருக்கிறது. இதற்குத் தனியாகக் காசு செலவில்லை.

இருநூறு பாகை வரை ஒரே வீச்சில் எடுக்கும் அகலக்கோண லேசர் கேமராக்கள் ஓரத்துத் திட்டுக்கு அருமையானவை. ஆனால் சின்ன நிலையத்துக்கு எட்டாத விலை. சிவப்பும் பச்சையுமாக இரண்டு லேசரை வைத்து நிறத்தைக் கூட்டித் தருவதால், அதில் தெரியும் நிறத்தை நம்பி முடிவெடுக்கவும் முடியாது. விட்டுவிடலாம்.

ஓசிடிக்கும் பி-ஸ்கேனுக்கும்தான் உண்மையான போட்டி. இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது.

இரண்டையும் எடைபோட ஒரு நல்ல தராசு ஏற்கெனவே இருக்கிறது. பிலடெல்பியாவில் கண்புற்று மருத்துவர் கரோல் ஷீல்ட்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் 2019-இல், எந்த மச்சம் மெலனோமாவாக வளரும் என்பதைப் படங்களை வைத்தே கணிக்க ஒரு பட்டியல் தந்தார்கள். ஆறு அடையாளம். தடிப்பு 2 மி.மீ.க்கு மேல்: பி-ஸ்கேன். உள்ளே வெறுமையாகக் கருத்துத் தெரிவது: பி-ஸ்கேன். விழித்திரைக்கு அடியில் நீர்: ஓசிடி. ஆரஞ்சு நிறப் படிவு: படிவு தானாக ஒளிர்வதைப் பிடிக்கும் தன்னொளிர்வுப் படம். அகலம் 5 மி.மீ.க்கு மேல்: சாதாரணக் கேமரா. பார்வை குறைவு: சுவரில் தொங்கும் நம் எழுத்துப் பலகை. ஒன்றுமே இல்லையென்றால் ஐந்து வருடத்தில் வளரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. நாலு சேர்ந்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கணக்கு பெரும்பாலும் வெள்ளை இனத்தவரிடமிருந்து எடுத்தது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் எந்த மெஷின் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பது எந்த நாட்டிலும் மாறாது. ஆறில் இரண்டு பி-ஸ்கேனுக்கு, ஒன்று ஓசிடிக்கு.

ஓசிடியின் பலம் அந்த நீர்தான். கண்ணால் பார்த்தால் தெரியாத துளி நீரைக்கூடக் காட்டிவிடும். திட்டின் மேல் டுரூசன் என்னும் மஞ்சள் பொட்டுகள் இருப்பதையும் காட்டும். அது ரொம்ப நாளாக அங்கேயே கிடக்கும் திட்டு என்பதற்குச் சாதகமான சாட்சி. ஒரு வாரத்தில் யாரும் பழகிவிடலாம். பலவீனம், கருத்த திட்டுக்குள் ஒளி ஆழமாக இறங்காது. தடித்திருந்தால் அடிப்பக்கம் நிழலாகிவிடும், அளக்க முடியாது. இன்னொன்று, மெஷின் தானாக மையப்பகுதியைத்தான் எடுக்கும். திட்டு தள்ளி இருந்தால் ரிப்போர்ட் முழுக்கப் பச்சைப் பச்சையாக, எல்லாம் சரியென்றே வரும். கோட்டை நீங்களே திட்டின் மேல் இழுத்து வைத்து எடுக்க வேண்டும். அந்தப் பச்சையை நம்பி ஏமாந்த ஒரு ரிப்போர்ட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

பி-ஸ்கேன் ஒலி அலை. மூடிய இமைமேல் ஜெல் தடவிப் பார்க்கலாம். 2 மி.மீ.யைத் தாண்டிய கட்டியை ஒழுங்காக அளக்கும், காளான் வடிவத்தைக் காட்டும், மெலனோமாவின் வெறுமையையும் ஹெமாஞ்சியோமா என்ற இரத்தநாளக் கட்டியின் அடர்ந்த எதிரொலியையும் பிரித்துக் காட்டும். நம் பக்கத்துக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: பர்கூர் மலையிலிருந்தும் மூலனூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்தும் வெள்ளையாக முற்றிய புரையோடு பெரியவர்கள் வருகிறார்கள். அந்தக் கண்ணுக்குள் கேமராவும் ஓசிடியும் நுழையாது. பி-ஸ்கேன் மட்டுமே நுழையும். புரைக்குப் பின்னால் ஒரு கட்டி இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

குறை இதிலும் உண்டு. ஒரு மி.மீ.க்குக் குறைந்த தடிப்பை நம்பிச் சொல்லாது. கருவிழிக்குப் பின்னாலேயே இருக்கும் சிலியரிப் பகுதிக் கட்டியும் இதற்கு வசப்படாது. அதற்கு அதிக அதிர்வெண் ஒலி அலையில் வேலை செய்யும் யு.பி.எம். கருவி வேண்டும், அது பெரிய இடத்தில்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக இது கைப்பழக்கம். சாய்த்துப் பிடித்தால் தட்டையான மச்சமும் மலை மாதிரி தெரியும். பழக ஆறு மாதம் ஆகும். டாக்டர் ஒருவர் கூட நின்று கற்றுத்தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஒரே திட்டை ஓசிடியில் அளந்தால் பி-ஸ்கேனில் வந்ததைவிடக் குறைவாக வரும். இந்தத் தடவை ஒன்றில், அடுத்த தடவை மற்றொன்றில் அளந்துவிட்டு "வளந்துருச்சுங்க" என்று ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

என் முடிவு இப்படி. வருகிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் அதிகம், டாக்டர் வருவதில்லை என்றால் ஓசிடி வாங்குவதில் நியாயம் உண்டு; ஆனால் அது சர்க்கரைக்காக வாங்கியது என்ற தெளிவு இருக்கட்டும். சந்தேகத் திட்டுக்காகத்தான் வாங்குகிறேன் என்றால், கூட நிற்க ஒரு டாக்டர் இருக்கும் பட்சத்தில், கேமராவுக்கு அடுத்தது பி-ஸ்கேன்தான். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் கேமராவோடு நிறுத்திக்கொண்டு, மற்றதற்குச் சீட்டு எழுதலாம். தன்னொளிர்வு வசதி கேமராவிலேயே சேர்ந்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

கையில் படம் வந்தபின் முடிவெடுக்க நான் வைத்துக்கொண்டிருப்பது, கண்புற்று மருத்துவர் பெர்ட்டில் டமாட்டோ இங்கிலாந்தில் உருவாக்கிய மோல்ஸ் மதிப்பெண். காளான் வடிவம், ஆரஞ்சுப் படிவு, அளவு, வளர்ச்சி, விழித்திரைக்கு அடியில் நீர் என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, சந்தேகம் அல்லது லேசாக என்றால் 1, நிச்சயம் என்றால் 2. கூட்டி வருவது 0 என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 1 என்றால் வருடம் ஒருமுறை, நம் இடத்திலேயே பார்க்கலாம். 2 என்றால் டாக்டரிடம். 3-ம் அதற்கு மேலும் என்றால் அவசரம். ஆனால் இது கருந்திட்டுக்குத்தான். வெளுத்த, மஞ்சளான மேட்டுக்கு இதைப் போடக் கூடாது. அங்கே மெஷினுக்கு முன்னால் வாயால் கேட்க வேண்டும்: மார்பகத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, நாள்பட்ட இருமல் உண்டா, உடம்பு இளைத்ததா. பதில் எதுவானாலும் அவர் அந்த வாரமே போக வேண்டியவர்.

அனுப்பும் விதமும் பாதி வைத்தியம். 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், கிராமத்து விஷன் சென்டர்களில் இருப்பவரையும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரையும் திரை வழியாகப் பேசவைத்து நமக்கு வழி காட்டியிருக்கிறது. கோயமுத்தூரில் அரவிந்த், சங்கரா என்று பெரிய கண் ஆஸ்பத்திரிகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வாட்ஸப்பில் போட்டால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பின் பெயரில் தேதியும் எந்தக் கண் என்பதும் இருக்கட்டும். ஒரு பிரதியை அவர் போனிலும், வீட்டில் படித்த பிள்ளை ஒருவரின் போனிலும் ஏற்றிவிடுங்கள். நம் கம்ப்யூட்டர் பழுதாகலாம், நாமே ஊர் மாறலாம்.

காங்கேயத்துத் தறிக்காரருக்குப் பார்வை குறையவில்லை, திட்டு தட்டையாகவே தெரிந்தது. அதனால் அன்றைக்கே ஓடச் சொல்லவில்லை. தறிக்குக் கரண்ட் நிறுத்தும் நாளாகப் பார்த்துப் போகச் சொன்னோம். போய்வந்தார். இரண்டு தட்டு அகலம், மேலே டுரூசன், நீர் இல்லை, ஆரஞ்சு இல்லை. முதல் படம் என்பதால் ஆறு மாதத்தில் ஒருமுறை, அப்புறம் மோல்ஸ் சொல்லும் கணக்குப்படி. தம்பி அடாப்டர் வாங்கிவிட்டார், கேமராவுக்கு முன்பணமும் கட்டிவிட்டார். பி-ஸ்கேன் பழக என்னிடம் சனிக்கிழமை வருகிறார். அந்தத் தறிக்காரரின் அடுத்த படத்தைத் தை மாதம், பொங்கலுக்குத் தறி நிற்கும் வாரத்தில், காங்கேயத்திலேயே எடுப்பதாக இருக்கிறது.